சொந்த ரத்தத்தில் ஓர் ஊசி

என் வலது முழங்கையில் வந்த நோய்க்கு டென்னிஸ் எல்போ என்று பெயர். டென்னிஸ் மட்டையை நான் தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்கிறேன். அதுவும் என் கணவர் சேனல் மாற்றும்போது குறுக்கே வந்தால்தான். நான் கணக்கு டீச்சர். கரும்பலகையில் எழுதுவது, நோட்டுத் திருத்துவது, வீட்டுக்கு வந்தால் மாவுப் பாத்திரத்தைத் தூக்குவது, என் கணவரின் வெள்ளை வேட்டிகளைப் பிழிவது. இவ்வளவுதான் என் கை ஆடிய ஆட்டம்.

வேட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோச்சடையில் எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது. ஆனால் அதில் போட்டால் வேட்டியின் கரை கெட்டுவிடும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அவர் ஒரு கூட்டுறவு வங்கியில் மேனேஜர். கடன் கேட்டு வருகிறவர்கள் முதலில் வேட்டியைத்தான் பார்ப்பார்கள், பிறகுதான் முகத்தைப் பார்ப்பார்கள் என்பார். ஆகையால் வேட்டியைக் கையால் துவைத்து, நீலம் போட்டு, கஞ்சியில் முக்கி, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் முறுக்கிப் பிழிந்து காயப்போட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அது என் வேலை. ஏன் என் வேலை ஆனது என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

முதலில் சொம்பைத் தூக்கும்போது சுருக்கென்றது. பிறகு பூட்டில் சாவியைத் திருப்பும்போது. கொஞ்ச நாளில் சாக்பீஸைப் பிடித்தாலே முழங்கைக்கு வெளிப்பக்கம் யாரோ ஆணி வைத்து அழுத்துவதுபோல வலித்தது.

“தைலத்தத் தேச்சுட்டுப் படு. காலையில சரியாப் போயிரும்” என்றார் என் கணவர். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே ஒரு மனிதரால் வைத்தியம் பார்க்க முடியும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

தேய்த்தேன். பல காலைகள் வந்தன, போயின. நான் வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பே தைல வாசனை நுழைந்து, முதல் பெஞ்சுப் பிள்ளைகள் நோட்டை எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் தெருமுனை டாக்டரிடம் போனேன். அவர்தான் அந்தப் பெயரைச் சொன்னார். ஓர் ஊசியும் போட்டார். இரண்டு மாதம் வலி காணாமல் போனது. பிறகு ஊருக்குப் போய்விட்டு வந்தது மாதிரி திரும்பி வந்து, முன்பைவிட வசதியாக உட்கார்ந்துகொண்டது.

நோயின் பெயர் என் கணவருக்கு மிகவும் பிடித்துப்போனது. “டென்னிஸா? எங்கிட்டுப் போயி ஆடுன? எனக்குத் தெரியாம கோர்ட்டு கீர்ட்டு கட்டி வச்சிருக்கியா?” என்று சிரித்தார். சிரித்ததோடு விடவில்லை. கல்யாண வீடுகளில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், பஸ்ஸில் சந்தித்த பழைய நண்பரிடம் எல்லாம், “நம்ம வீட்டம்மாவுக்கு டென்னிஸ் எல்போ அண்ணே” என்று சொல்லி, அவர் சிரிக்கும் வரை காத்திருப்பார். நானும் பக்கத்தில் நின்று, கையைத் தடவிக்கொண்டே, சிரித்த முகமாக இருப்பேன்.

இப்படியே ஏறக்குறைய ஒரு வருடம் ஓடியது.

அந்தச் சமயத்தில் என் கணவருக்கு விளையாட்டு ஆர்வம் வந்தது. ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்குத் திடீரென்று வரும் வியாதிகளில் இதுவும் ஒன்று. எங்கள் ஏரியாவில் தகரக் கொட்டகை போட்டு ஓர் உள்ளரங்க ஷட்டில் மைதானம் திறந்தார்கள். காலையில் அங்கே கூடும் ஆட்களுக்கு விளையாட்டைவிட உடுப்பு முக்கியம். பளபளக்கும் பனியன், தனி பூட்ஸ், நெற்றியில் பட்டை, மணிக்கட்டில் பட்டை, இரண்டு மட்டைகள் கொள்ளும் பை. ஆட்டம் கொஞ்ச நேரம், டீக்கடையில் அந்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சு அதைவிட நீளம். இவரும் சேர்ந்தார். வேட்டிகளோடு இப்போது பனியன்களும் ஊற ஆரம்பித்தன.

ஒருநாள் காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருக்கும்போது நாலு பேர் அவரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நாலு பேர் சேர்ந்து தூக்கி வருவதைப் பார்த்து நான் கைப்பையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். பிறகுதான் அவர் அந்த நால்வரோடும் பேசிக்கொண்டே வருவது காதில் விழுந்தது.

“நான் சரியாத்தான்டா குதிச்சேன். தரைதான் வழுக்கிருச்சு.”

“ஆமா மாப்ள, அந்த அடிய எடுத்திருந்தீன்னா பாயின்ட் நமக்குத்தான்.”

வலது முட்டி வீங்கியிருந்தது. சோபாவில் கிடத்தினார்கள். காலுக்குத் தலையணை, தலைக்குத் தலையணை, கையில் டிவி ரிமோட். மறுநாளிலிருந்து வீட்டில் திருவிழா. ஹார்லிக்ஸ் பாட்டில்கள், சாத்துக்குடி, ஆப்பிள். ஷட்டில் நண்பர்கள் வந்தார்கள், வங்கிக்காரர்கள் வந்தார்கள், இவரிடம் கடன் வாங்கியவர்களும் வந்து முகத்தில் கவலையோடு நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் குதித்த கதையை முதலிலிருந்து சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குதித்த உயரம் கூடிக்கொண்டே போனது. வந்தவர்கள் எல்லோருக்கும் காபி போட்டது எந்தக் கை என்று யாரும் கேட்கவில்லை.

சமயநல்லூரிலிருந்து என் நாத்தனார் வந்தார். இவருக்கு அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். தோட்டமும் இரண்டு கறவை மாடுகளுமாக இருக்கிறவர். வரும்போதே ஒரு பையில் ஆட்டுக்கால் வாங்கி வந்திருந்தார்.

“தம்பிக்கு முட்டியில சத்து விட்டுப்போச்சு. தெனமும் சூப்பு வச்சுக் குடுத்தா. நல்லாத் தட்டிப் போடு, அப்பத்தேன் எலும்புச் சாறு எறங்கும்.”

“மதினி, எனக்குக் கை...”

“ஒனக்கென்னத்தா, தைலத்தத் தேய்யி.”

தட்டினேன். எலும்பு உடைந்ததா, முழங்கை உடைந்ததா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது.

அந்த நாட்களில்தான் ஷட்டில் நண்பர் ஒருவர் அந்த மூன்று இங்கிலீஷ் எழுத்துகளை வீட்டுக்குள் கொண்டுவந்தார். “மாப்ள, பி.ஆர்.பி. போட்ரு. நம்ம ரத்தத்த எடுத்து, மிஷின்ல விட்டுச் சுத்தி, அதுல இருக்க நல்ல சத்த மட்டும் பிரிச்சு, நம்ம முட்டியிலயே ஊசியாப் போட்ருவாக. வெளிநாட்டுப் பிளேயர்ஸ் எல்லாம் இதத்தான் போடுறாக.”

வெளிநாட்டுப் பிளேயர்ஸ் என்ற சொல் கேட்டதும் சோபாவில் கிடந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மதினிக்குப் புரியவில்லை. “அவன் ரத்தத்த அவனுக்கே போட எதுக்கு ஆசுபத்திரி?”

நண்பர் விளக்கினார். ரத்தத்தில் தட்டணு இருக்கிறது. டெங்கு வந்தால் குறைகிறதே, அதுதான். காயம் பட்ட இடத்தில் அது போய்த்தான் ஆற்றும். அதை மொத்தமாகச் சேர்த்து ஊற்றினால் சீக்கிரம் ஆறும். டெங்கு என்றதும் மதினி முகம் தெளிந்தது. மறுநாளே தோட்டத்திலிருந்து பப்பாளி இலை வந்தது. அரைத்து, பிழிந்து, சாறு எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். பிழிந்தது நான். குடித்த என் கணவரின் முகம் போன போக்கைப் பார்த்தபோது, அந்த வருடத்தில் முதல் முறையாக என் வலி கொஞ்சம் குறைந்ததுபோல இருந்தது.

பைபாஸ் ரோட்டில் ஒரு எலும்பு மருத்துவமனை. காத்திருக்கும் அறைச் சுவரெல்லாம் ஓடுகிற, தாண்டுகிற, பந்தை உதைக்கிற வெள்ளைக்காரர்களின் படங்கள். அவற்றுக்குக் கீழே முட்டியைப் பிடித்துக்கொண்டு நம் ஊர் ஜனங்கள். டாக்டர் இளைஞர். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “சார், தசைநார் லேசா இழுத்திருக்கு. கிழியல. ரெஸ்ட் எடுங்க, பிசியோதெரபி பண்ணுங்க, தானாச் சரியாயிடும்” என்றார்.

‘லேசா’ என்ற சொல் என் கணவரைக் காயப்படுத்திவிட்டது. நாலு பேர் தூக்கி வந்த முட்டி, லேசாவா?

“அப்ப அந்த பி.ஆர்.பி. வேண்டாமா டாக்டர்?”

“அவசியமில்ல சார். நீங்க விரும்பினாப் போடலாம்.”

“விரும்புறேன் டாக்டர்” என்றார், கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்வது மாதிரி.

ஊசி போடும் அறைக்கு நானும் துணைக்குப் போனேன். தனியாக விட்டால் அவர் வெளியே ஓடிவந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். இழுத்துப்போன முட்டியோடுகூட ஓடுவார். கையிலிருந்து ரத்தம் எடுத்தபோதே அவர் சுவரில் இருந்த பல்லியிடம் பார்வையை ஒப்படைத்துவிட்டார். எடுத்த ரத்தத்தை ஒரு குழாயில் ஊற்றி, மாவு மிஷின்போல உறுமுகிற ஒரு பெட்டிக்குள் வைத்துச் சுற்றினார்கள். வெளியே எடுத்தபோது அடியில் சிவப்பு, நடுவில் மெல்லிய வெளுப்பு, மேலே இளமஞ்சள் தெளிவு. நல்லெண்ணெய் மாதிரி இருந்தது. அந்த வெளுப்பும் அதை ஒட்டிய மஞ்சளும்தான் சத்து என்றார் நர்ஸ். நான் எட்டிப் பார்த்தேன். இத்தனை வருடமாக என்னை அதிகாரம் செய்த ரத்தம் இதுதானா என்று ஓர் ஆர்வம்.

ஊசியை முட்டியில் இறக்கும் நேரத்தில் என் கணவர் கட்டில் ஓரத்தில் நின்றிருந்த என் வலது கையைப் பிடித்தார். பிடித்ததோடு நிற்காமல், ஊசி உள்ளே போகப் போக, அதை முறுக்கினார். நான் வேட்டியை முறுக்குகிற அதே முறுக்கு.

நான் போட்ட கூச்சலில் வெளியே காத்திருந்தவர்களில் இருவர் எழுந்து போய்விட்டதாகப் பிறகு நர்ஸ் சொன்னார்.

டாக்டர் ஊசியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். “மேடம், ஊசி சாருக்குத்தானே போட்டேன்?”

கண்ணில் நீர் முட்ட, கையைக் காட்டினேன். அவர் முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் ஒரு விரலால் அழுத்தினார். நான் மறுபடியும் கத்தினேன். உள்ளங்கை கீழே பார்க்கும்படி வைத்து ஒரு நாற்காலியைத் தூக்கச் சொன்னார். முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிதான்.

“எத்தன நாளா இருக்கு?”

“ஒரு வருஷம் ஆகப்போகுது டாக்டர்.”

டாக்டர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தன் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உடனே ஊசி போடவில்லை. முதலில் பயிற்சி செய்து பார்க்கச் சொன்னார் டாக்டர். பிசியோதெரபிப் பெண் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளில் ஒன்று, துண்டைச் சுருட்டி இரு கையாலும் மெதுவாக முறுக்குவது. வேட்டியை முறுக்கிக் கெட்ட கையைத் துண்டை முறுக்கிச் சரிசெய்ய வேண்டுமாம். செய்தேன். காலையில் துண்டு, அதற்கடுத்து வேட்டி.

இதற்கிடையில் என் கணவர் பாதி வெளிநாட்டு வீரராக மாறியிருந்தார். ஊசி போட்ட சில நாட்கள் சோபாவில் இருந்தார். வீக்கம் வடிந்ததும், “ஆடல. சும்மா பாத்துட்டு வாரேன்” என்று மைதானத்துக்குக் கிளம்பினார். பார்க்கப் போகிறவருக்கு எதற்கு நெற்றிப் பட்டை என்று கேட்டேன். வெயில் என்றார். தகரக் கொட்டகைக்குள் வெயில்.

போனவர் மறுபடியும் இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு வந்தார். இந்த முறை நாலு பேர் வரவில்லை. நண்பர்களுக்கும் அலுப்புத் தட்டியிருக்கும்.

“மிஷின்ல சரியாச் சுத்தல. அந்த நர்ஸ் பொண்ணு போனப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. அதான் சத்து முழுசா எறங்கல” என்றார். இரண்டாவது ஊசி போட்டே ஆக வேண்டும் என்று மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் முட்டியைப் பார்த்தார். என்ன செய்தீர்கள் என்று கேட்டார். இவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“சார், ஒங்க ரத்தத்துல ஒரு கொறையும் இல்ல. காலத்தான் ஒரு எடத்துல வைக்க மாட்டேங்குறீங்க. அதுக்கு எங்கிட்ட ஊசி கிடையாது” என்றார் டாக்டர்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த டாக்டருக்கு அனுபவம் போதாது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

என் கையும் சரியாகவில்லை. மூன்று மாதம் கழித்துப் போனபோது டாக்டர், “ரெஸ்ட் எடுத்தீங்களா?” என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். வேண்டுமென்று சிரிக்கவில்லை, தானாக வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. உங்களுக்கு இப்போது இந்த ஊசி போட்டுப் பார்க்கலாம், நிச்சயமாகக் குணமாகும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பல பேருக்குக் கேட்டிருக்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

“ஒனக்கு எதுக்கு அது? நீ என்ன ஷட்டிலா ஆடுற?” என்றார் என் கணவர்.

“டென்னிஸ்” என்றேன்.

அவர் காலண்டரை எடுத்து நாள் பார்த்தார். ஒரு வருடமாக எல்லோரிடமும் சொல்லிச் சிரித்த சொல் ஒரே ஒரு தடவை எனக்கும் உதவியது.

ஊசிக்கு அவரும் கூட வந்தார். முன்னாள் ராணுவ வீரர் புது ஆளைக் கூட்டிப் போவதுபோல வந்தார். “கண்ண மூடிக்க. திரும்பிப் பாக்காத. வலிச்சா என் கையப் பிடிச்சுக்க.” ரத்தம் எடுக்கும்போது, “அவளுக்கு ரத்தம் கொஞ்சம் கம்மிம்மா, பாத்து எடு” என்று நர்ஸிடம் யோசனையும் சொன்னார். மிஷின் சுற்றி நின்றது. குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த நர்ஸ், “மேடத்துக்கு நல்லா வந்திருக்கு டாக்டர்” என்றார்.

“எனக்கு வந்தத விடவா?” என்று கேட்டார் என் கணவர். பப்பாளி இலைச் சாறு குடித்தது அவரல்லவா.

டாக்டர் ஊசியைக் கையில் எடுத்தார். ஊசி இறங்கும்போது நான் கத்தவில்லை. பொறுத்துக்கொண்டேன் என்று பெருமை பேச மாட்டேன். உயிர் போகிற வலிதான். ஆனால் என் கணவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கத்துவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

பிறகு டாக்டர், என்னிடம் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தோ என்னவோ, அவரைப் பார்த்துப் பேசினார். “சார், கொஞ்ச நாள் வலி கூடும், பயப்படாதீங்க. நான் எழுதித் தர்ற மாத்திரையத் தவிர வேற வலி மாத்திரை போடக் கூடாது. முக்கியமா, ஒன்றரை மாசத்துக்கு மேடம் இந்தக் கையால துணி பிழியக் கூடாது, மாவு பிசையக் கூடாது, கனமா எதையும் தூக்கக் கூடாது. மீறினா ஊசி போட்டதே வீண்.”

‘வீண்’ என்ற சொல் அவர் முகத்தில் போய் இறங்குவதை நான் பார்த்தேன். அவர் வங்கிக்காரர். போட்ட முதல் வீணாகக் கூடாது. என் வலி ஒரு வருடமாகக் கெஞ்சியும் அசையாத மனிதரை அந்த ஒரு சொல் அசைத்துவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் புது ஆட்சி. கடை மாவு வந்தது. அவர் தோசை ஊற்றினார். தமிழ்நாட்டு வரைபடம்போல ஒன்று, இலங்கைபோல ஒன்று. சட்னி அரைக்கும்போது மிக்ஸி மூடியை மறந்து, சுவர் பச்சையாகி, அரைப் பொழுது அதைத் துடைத்தார். என் கையோ ஊசி போட்ட இடத்தில் தணல் வைத்ததுபோல எரிந்தது. ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் கட்டிய துணித் தூளியில் கையைத் தொங்கவிட்டு, ஒரு மனிதர் உப்பு டப்பாவைத் தேடுவதைப் பார்க்கிற சுகம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

“உப்பு எங்கிட்டு இருக்கு?”

“இருபத்தஞ்சு வருசமா அங்கதான் இருக்கு.”

வேட்டிகள் சேர்ந்துகொண்டே போயின. சலவைக்குப் போட்டால் நாளாகும் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில்லாமல், முகத்தைச் சுளித்துக்கொண்டு, வேட்டிகளை மெஷினுக்குள் போட்டார். அது முடியும் வரை பக்கத்திலேயே நின்றார். எடுத்துக் காயவைத்து, இஸ்திரி போட்டு, வெளிச்சத்தில் பிடித்து, கரையை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

கரை அப்படியே இருந்தது.

“பரவால்ல. சுமாரா வந்திருக்கு” என்றார்.

எனக்குச் சண்டை போடக்கூடத் தோன்றவில்லை. எத்தனை வேட்டிகள், எத்தனை விடியற்காலைகள், குழாயடியில் குனிந்து நான் முறுக்கிய முறுக்குகள். அத்தனையும் யாரும் சோதித்துக்கூடப் பார்க்காத ஒரு நம்பிக்கைக்காக. வகுப்பில் ஒரு பிள்ளை விடை மட்டும் எழுதி வந்தால், படிப்படியாகச் செய்து காட்டு என்று மட்டம் தட்டுகிற கணக்கு டீச்சர் நான். என் வீட்டு வேட்டிக்கு ஒரு நாளும் நிரூபணம் கேட்கவில்லை. அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அவர் காரணம் தெரியாமல், ஊசி வலி என்று நினைத்து, மாத்திரை எடுத்து வந்து கொடுத்தார்.

மதினி ஒருநாள் பால் கொண்டுவந்தவர் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். தம்பி அடுப்படியில், நான் நாற்காலியில்.

“ஏத்தா, கைவலிக்கெல்லாமா ஊசி போடுவாக? நாங்கெல்லாம் இம்புட்டுப் பாத்ததில்ல.”

“ரத்த ஊசி அக்கா. மீறினா வீணாப் போயிரும்” என்றார் அடுப்படியிலிருந்து என் கணவர். மதினி தம்பி கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கப் பார்த்தார். அவர் தரவில்லை. அதற்குள் அவருக்குத் தோசையில் ஒரு கர்வம் வந்திருந்தது.

வலி மெல்ல மெல்லக் குறைந்தது. எந்த நாளில் போனது என்று சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் பத்தாம் வகுப்பில் பலகையின் உச்சியில் ஒரு சமன்பாட்டை எழுதி முடித்த பிறகுதான், முகம் சுளிக்காமல் எழுதியிருக்கிறேன் என்று உறைத்தது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். அவர்கள் நான் கணக்கை மறந்துவிட்டதாக நினைத்தார்கள்.

கடைசியாக டாக்டரைப் பார்த்தபோது மனதில் இருந்ததைக் கேட்டேன். “டாக்டர், இந்த ஊசியே போடாம, ஒன்றரை மாசம் கையச் சும்மா வச்சிருந்தாலே சரியாயிருக்குமோ?”

“ஆயிருக்கலாம். ஆனா நீங்க சும்மா இருந்திருப்பீங்களா?”

“நான் இருப்பேன் டாக்டர். விட்டிருக்க மாட்டாங்க.”

அவர் தலையாட்டினார். இனிமேல் எல்லா வேலையும் செய்யலாம், துணிகூடப் பிழியலாம் என்றார். வெளியே உட்கார்ந்திருந்த என் கணவர், என்ன சொன்னார் என்று கேட்டார். ஆயுசுக்கும் துணி பிழியக் கூடாதாம் என்றேன். அவர் முட்டியும் பிறகு ரெஸ்ட் எடுத்ததில் தானாகவே சரியாகிவிட்டது. இப்போது அவர் ஆட்டத்தில் பின்வரிசையில் நின்று மற்றவர்களுக்கு யோசனை சொல்கிறார். ரத்த ஊசிதான் காப்பாற்றியது என்று டீக்கடையில் சத்தியம் செய்கிறார்.

இது முடிந்து சில மாதம் கழித்து மதினி போன் செய்தார். வழக்கமாகத் தம்பியைத்தான் கேட்பார். அன்று என்னைக் கேட்டார். குரலும் தணிந்திருந்தது.

“ஏத்தா, அந்த ரத்த ஊசி டாக்டரு எங்கிட்டு இருக்காரு?”

“யாருக்கு மதினி?”

“எனக்குத்தேன். சோத்துக் கை தோளுக்கு மேல எந்திரிக்க மாட்டேங்குது. தல சீவ முடியல. மாட்டுக்குப் புல்லுக்கட்டத் தூக்குனா உசுரு போகுது.”

“எம்புட்டு நாளா?”

“ஆச்சு ரெண்டு வருசம்.”

என்னை ஆட்டுக்கால் தட்டச் சொன்ன நாட்களும் அந்த இரண்டு வருடத்துக்குள்தான் இருந்தன. அவருக்குத் தட்ட முடியாமல்தான் என்னிடம் கொடுத்திருக்கிறார் என்று அப்போது புரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “என்னன்னு சொல்லச் சொல்ற? தைலத்தத் தேய்யிம்பாக” என்றார்.

பஸ்ஸில் வரச் சொல்லி, நானே கூட்டிப்போனேன். டாக்டர் தோளைத் தூக்கியும் திருப்பியும் பார்த்தார். தோள் இறுகிப்போயிருக்கிறது, இதற்கு அந்த ஊசி தேவையில்லை, தினமும் பயிற்சி செய்தால் மெல்ல இளகும், அது வரை கனம் தூக்க வேண்டாம் என்றார். சுவரில் விரலை வைத்து மேலே மேலே ஏற்றும் பயிற்சியைச் செய்து காட்டச் சொன்னார்.

வெளியே வந்ததும் மதினி முகம் வாடிவிட்டது.

“எனக்கு ஊசி கெடையாதா?”

“தேவையில்லையாம் மதினி. நல்லதுதான.”

“என்னா நல்லது? தம்பிக்குப் போட்டாக, ஒனக்குப் போட்டாக. என் ரத்தம் மட்டும் மட்டமா? வீட்டுல போயி நான் என்னன்னு சொல்ல? செவத்துல வெரல வச்சு நிக்கச் சொன்னாருன்னா சிரிக்க மாட்டாகளா?”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. சுவரில் விரல் வைத்து நிற்கிறவளுக்கு எந்த வீட்டிலும் ஓய்வு கிடைக்காது. பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே மதினியின் கணவருக்குப் போன் போட்டேன். எனக்கு அண்ணன் முறை. இரண்டு மாடு வைத்திருந்தும் ஒரு நாளும் மடியைத் தொட்டதில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்.

“அண்ணே, மதினிக்கு ஊசி போட்டாச்சு.”

“ரத்த ஊசியாம்மா?”

“ஆமாண்ணே, அதுலயே பெருசு. மூணு மாசத்துக்கு மதினி கனமா எதையும் தூக்கக் கூடாது, பால் கறக்கக் கூடாது. மீறினா அம்புட்டும் வீண்.”

“அப்ப மாட்ட யாரும்மா கறக்குறது?” என்றார்.

மதினி என் தோளைப் பிடித்துக்கொண்டு, வாயை முந்தானையால் பொத்திச் சிரித்தார். போனில் ஒரு கேள்வி காத்திருந்தது. பஸ் வந்துவிட்டது, ஏறினோம்.

சென்ற வாரம் சமயநல்லூருக்குப் போயிருந்தேன். மதினியின் கை காது வரைக்கும் ஏறுகிறது. அண்ணன் பின்கட்டில் குந்தி உட்கார்ந்து கறந்துகொண்டிருந்தார். மாடு அவரை ஒரு தடவை உதைத்திருக்கிறது. இடுப்பைப் பிடித்தபடி எழுந்து வந்து, யாருக்கும் கேட்காத குரலில் என்னிடம் கேட்டார்:

“ஏம்மா, அந்த ஊசி இடுப்புக்கும் போடுவாகளா?”

“தைலம் இருக்கான்னு பாருங்கண்ணே” என்றேன்.